மல்லிகைச் செடியை மண்டிக்காரரும் அறிய வேண்டும்

மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்துவிட்டது. செடிக்கு யார் காவல் என்பதே இன்றுள்ள கேள்வி. மளிகைக்கும் மல்லிகைக்கும் என்ன சம்பந்தம் என்று இதழைப் புரட்டிவிட வேண்டாம். பூச்சந்தையில் பணம் புழங்கினால்தான் உரக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் மளிகைக்கடையிலும் பணம் புழங்கும்.

பங்குனி, சித்திரையில் மூட்டை மூட்டையாக வரத்து வருகிறது, விலை விழுகிறது. பூ எடுக்கும் ஆள்கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று விவசாயி வருந்துகிறார். மார்கழி, தையில் பனி விழுந்ததும் வரத்து சுருங்குகிறது. பொங்கலையொட்டி விலை கிலோ ஆயிரங்களில் ஏறுகிறது. இதற்குப் பனி மட்டும் காரணமல்ல, கவாத்தும் காரணம்.

மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். அதனால் பழைய கிளைகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டிவிடுகிறார்கள். கார்த்திகையில் ஊரே ஒன்றாக வெட்டினால் கோடையில் ஊரே ஒன்றாகப் பூக்கும். தோட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் செப்டம்பர் கடைசியில் வெட்டி, எருவும் தண்ணீரும் கவனமாகக் கொடுத்தால் பனிக்காலத்திலும் ஓரளவு பூ பார்க்கலாம். கோடை விளைச்சல் அளவுக்கு வராது. ஆனால் அந்த ஓரளவுக்குக் கிடைக்கும் விலை வேறு.

மற்ற பக்குவங்களையும் நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தண்ணீர் தேங்காத செம்மண் கலந்த நிலம் மல்லிகைக்கு ஏற்றது. தேங்கினால் வேர் அழுகும். ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் பகுதியின் பதியன்களுக்கு நல்ல பெயர் உண்டு. ஒரு அடிக் குழியில் 10 கிலோ தொழு உரம் இட்டு, செடிக்குச் செடி நாலு அடி விட்டு, ஜூன் முதல் நவம்பருக்குள் நட வேண்டும். ஆண்டுக்குச் செடி ஒன்றுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம். இதைக் கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன்-ஜூலையில் பாதி என்று பிரித்து இடுவது முறை. நரம்பு பச்சையாக இருக்க இலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. மொட்டு ஊதா நிறம் கண்டு துளை விழுந்தால் மொட்டுப்புழு. இந்த இரண்டாவது அடையாளம் தராசுக்கு முன் நிற்கும் நம் கண்ணில்தான் அன்றாடம் படுகிறது. விலையைக் குறைப்பதோடு நில்லாமல், "தோட்டத்தில் புழு விழுந்திருக்கிறது, உடனே பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைய பூ தப்பும்.

"விலை ஏறினால் நமக்கும் லாபம்தானே" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். சற்று யோசிக்க வேண்டும். விலை எட்டாத உயரத்துக்குப் போனால், பூக்கட்டி முழம் போட்டு விற்கும் பெண்கள் ஐந்து கிலோ வாங்கிய இடத்தில் ஒரு கிலோ வாங்குகிறார்கள். வாடிக்கையாளர் வேறு பூவுக்குப் போகிறார். மறுபுறம், கோடையில் நொந்த விவசாயி செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போகிறார். நன்றாகப் பராமரித்தால் பத்தாண்டுக்கு மேல் பூக்கும் செடி அது. பிடுங்கிய இடத்தில் மறுபடி நட்டாலும், நல்ல விளைச்சல் காண மூன்றாம் ஆண்டாகிவிடும். அதுவரை வெறும் தராசை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

ஆகவே பூ மொத்த வியாபாரிகளுக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். முதலாவது, விவசாயிக்குக் கொடுக்கும் முன்பணத்தில் ஒரு பகுதியைக் கவாத்துச் சமயத்தில் கொடுப்போம். தோட்டத்தைப் பிரித்து வெட்டுவோருக்கு முன்னுரிமை தருவோம். இரண்டாவது, விடியுமுன் பறித்த, ஈரமில்லாத, புழுவில்லாத மொட்டுக்குத் தனி விலை வைப்போம். எல்லாவற்றையும் ஒரே விலையில் தள்ளினால் அக்கறையோடு வளர்ப்பவருக்கு என்ன ஊக்கம் இருக்கும்? மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறையாவது தோட்டக்கலைத் துறை அலுவலர்களையும் விவசாயிகளையும் நம் சங்கக் கட்டடத்தில் ஒன்றாக உட்காரவைப்போம்.

செடி செழித்தால் சந்தை செழிக்கும். அடுத்த கவாத்துக் காலத்துக்குள் நமது சங்கம் இதைப் பொருளாக எடுத்து விவாதிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.