தொழுவத்திலே எரிவாயு!

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். தென்காசிப் பக்கத்துக் கிராமப் பெண்களுக்கோ திண்டாட்டம்! விறகு நனைகிறது. தட்டிய வறட்டி காய்வதில்லை. அடுப்படியெல்லாம் புகை.

சிலிண்டர் இருக்கிறதே என்பீர்கள். நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே விலை ஏறினால் இங்கே கை சுடும்.

சாணியைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் விட்டால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதிலிருந்து மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. அதுதான் அடுப்பில் எரிகிறது. தினம் 25 கிலோ சாணி போட்டால் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். மாதக் கணக்கில் இது ஏறக்குறைய 13 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். வெளிவரும் சாணிக் கரைசல் வயலுக்கு உரம். வறட்டியாக எரித்தாலோ மிஞ்சுவது சாம்பல்தான்.

இது புதுமையல்ல. கதர் கிராமத் தொழில் கமிஷன் 1960-களிலேயே இதைப் பரப்பியது. மத்திய அரசு 2018-இல் ‘கோபர்தன்’ திட்டத்தைத் தொடங்கியது. பிறகு ஏன் நாட்டில் பல தொட்டிகள் தூங்குகின்றன?

மாடு இல்லை! டிராக்டர் வந்தது, உழவு மாடு போயிற்று. ஒரு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணி போடும். மேயப் போனால் அதிலும் ஒரு பங்கு காட்டோடு போய்விடும். ஆகவே, கட்டித் தீனி போடும் மாடு மூன்றாவது வேண்டும். மானியம் வருகிறதென்று பெரிய தொட்டி கட்டினால் அதை நிரப்புவது யார்?

குழி தோண்டுமுன் ஒரு வாரம் சாணியை நிறுத்துப் பாருங்கள். 25 கிலோ தேறவில்லையா? பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் கேளுங்கள்.