தங்கை என்ன வில்லங்கமா?

எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு சென்ற மாதம் விலைபோயிற்று. அப்பா கட்டிய வீடு. அவர் உயில் எழுதாமல் காலமாகிப் பத்து வருஷம். தரகர் கேட்ட காகிதங்களை மூத்த பிள்ளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். மூலப் பத்திரம் பீரோவில் இருந்தது. பட்டாவும் வீட்டு வரி ரசீதும் அகப்பட்டன. முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழில் ஒரு கடன் இல்லை, ஓர் அடமானம் இல்லை. "ஒரே ஒரு வில்லங்கந்தான் ஸார், தங்கச்சி கையெழுத்துப் போடணும்" என்றார் என்னிடம்.

அந்த வார்த்தைக்காகத்தான் இந்தச் சண்டை.

வில்லங்கச் சான்றிதழ் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் ஜாபிதா. கிரயம் ஏறும், அடமானம் ஏறும்; மரணம் ஏறாது. அதனால்தான் வாங்குகிறவரின் வக்கீல் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழையும் கேட்கிறார். அதில் அம்மா, பிள்ளைகள், பெண்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 1956-ல் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் வந்ததிலிருந்தே, தகப்பனார் தாம் சம்பாதித்துக் கட்டி, உயில் எழுதாமல் விட்டுப்போன வீட்டில் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும். பூர்வீகச் சொத்தின் கதை வேறு. அதற்குத் தமிழ்நாடு 1989-ல்தான் விழித்தது, மத்திய சர்க்கார் 2005-ல்.

ஆனால் அந்த 1956-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் ஒரு பூட்டு இருந்தது. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, பெண் வாரிசு பிரித்துக் கேட்க முடியாது என்றது 23-ஆம் பிரிவு. 2005-ல் அது நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்தில் நீங்கிற்று, கூடத்தில் நீங்கவில்லை. பொங்கலுக்கும் பிள்ளையின் கல்யாணத்துக்கும் விருந்தாளியாக வந்து போகும் தங்கை, கிரயத் தேதி நெருங்கும்போது மட்டும் அவசரமாக வரவழைக்கப்படுகிறாள். விரலை வைக்கிறாள், புகைப்படம் எடுக்கிறார்கள், சாப்பாடு போட்டு பஸ் ஏற்றிவிடுகிறார்கள். அவள் கையெழுத்திட்டது விடுதலைப் பத்திரம். 'மனப்பூர்வமாகவும் பிறர் தூண்டுதல் இன்றியும்' என்று அதில் இருக்கும். தூண்டியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு இதைச் சொல்ல யோக்கியதை உண்டா? இல்லை. பதினைந்து வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டை விற்றபோது நானும் என் தங்கையிடம் இப்படித்தான் வாங்கினேன். ஒரு பட்டுப் புடவை கொடுத்தேன். "எங்கே போடணும்ண்ணா?" என்றாள், விரலால் காட்டினேன். படித்துப் பார் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் பொய், தோன்றியது.

"கல்யாணத்துக்குச் செலவழித்தோமே, நகை போட்டோமே?" என்பார்கள். நானும் அன்று அதையேதான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்குக் காலேஜ் சம்பளம் கட்டியதை யாரும் என் பங்கில் கழிக்கவில்லையே! வரதட்சிணை 1961-லேயே சட்டப்படி குற்றமாகிவிட்டது. அந்தக் குற்றத்தையே பங்கு தீர்த்த ரசீதாக நீட்டுவதற்கு நமக்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். இருக்கிறது.

மனமறிந்து விட்டுக்கொடுக்கும் தங்கைகளும் உண்டு. கொடுக்கட்டும். எதைக் கொடுக்கிறோம், அதன் இன்றைய விலை என்ன என்று தெரிந்துகொண்டு கொடுக்கட்டும். ஏனென்றால், பதிவான விடுதலைப் பத்திரம் விளையாட்டுக் காகிதமல்ல. பிறகு அதை ரத்து செய்யச் சொல்லி அவள் கோர்ட்டு ஏறினால், ஏமாற்றப்பட்டதை நிரூபிக்கிற பாரம் அவள் தலையில்.

விற்கிற வீட்டுக்கு உண்மையில் அந்தப் பத்திரமே வேண்டியதில்லை. கிரயப் பத்திரத்தில் அண்ணனோடு தங்கையும் விற்பவளாகக் கையெழுத்திடலாம். அவள் பங்குக்கு அவள் பெயரிலேயே ஒரு தனிச் செக். பத்திரம் எழுதுகிறவருக்கு இரண்டு வரி கூடுதல் வேலை. வாங்குகிறவருக்கு ஒரு காசு நஷ்டமில்லை. இதைத்தான் தெருக்கோடி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவர் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்.