‘லைன்’ விழுங்கிய சொற்கள்

‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் அம்மொழியில் பல பொருள் குறித்த ஒரு சொல். இடம் நோக்கிப் பொருள் தருவது அதன் இயல்பு. அதனைக் குறை கூறுவார் இலர். ஆனால், அச்சொல் தமிழ் மாணவரின் நாவில் ஏறியமர்ந்து தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாய் விழுங்கி வருவதைக் கண்டும் வாளாவிருத்தல் தகுமா?

பட்டர்வொர்த் செல்லும் படகுக்கு நிற்பது ‘லைனில்’. தொலைபேசி அறுந்தால் ‘லைன் இல்லை’. கணக்கேட்டில் இழுப்பது ‘லைன்’. ஒருவர் செய்யும் தொழிலும் ‘லைன்’. வரிசை, இணைப்பு, கோடு, துறை எனப் பொருளுக்கொரு சொல் வைத்திருக்கும் மொழிக்கு ஏன் இந்த வறுமை?

இவற்றுள் கொடியது, திருக்குறளை ‘இரண்டு லைன்’ என்பது. நாற்சீர் கொண்ட முதலடி அளவடி. முச்சீர் கொண்ட ஈற்றடி சிந்தடி. ‘லைன்’ இவ்வேறுபாட்டைக் காட்டுமா? ‘அடி’ என்ற சொல் மறைந்தால் யாப்பு எதன்மேல் நிற்கும்?

“கடன் பெறாமல் மொழி வளருமா?” என்பர் சிலர். வளராது. திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடமளித்தவர் தொல்காப்பியர். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களிலும் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளை நம் முன்னோர் ‘லயம்’ என்றனர். அதுவும் ‘லைன்’ ஈன்ற சொல்லே. ஆயினும், அது புதிய வாழ்வுக்குப் பிறந்த புதுச்சொல். தமிழ் உருவேற்றுத் தமிழரின் வியர்வை வரலாற்றைச் சுமந்து நிற்பது. அதனைக் காத்தல் கடன். பினாங்கு சாலையோரத்து ‘லைன் கிளியர்’ நாசி கண்டார் கடையின் பெயரும் பெயராகவே நிற்கட்டும். இல்லாததற்குப் பெறுவது கடன்; இருப்பதைத் தள்ளிவிட்டுப் பெறுவது சோம்பல்.

1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் என்பர். அத்தகைய ஊரின் வகுப்பறையில் இச்சோம்பல் குடியேறலாமா? ஆசிரியர் செய்யத்தக்கது எளியது. மாணவன் ‘லைன்’ என்னுந்தோறும் சினவாது, “எந்த லைன்?” என்று வினவுக. விடை சொல்ல அவன் தமிழுக்குத்தான் வந்தாக வேண்டும்.