கோகம் பழமும் கொங்கண் கிராமமும்

கோடை வந்துவிட்டால் மும்பைக் கடைத்தெருக்களில் செந்நிறக் கோகம் சர்பத்துக்குத் தனிக் கிராக்கி. நம்மவர் வீட்டு மீன் குழம்பில்கூடச் சில நாள் புளிக்குப் பதிலாகக் கோகம் தோல் விழுகிறது. குடம்புளிக்கு நெருங்கிய உறவான இம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. ரத்னகிரி, சிந்துதுர்க் மாவட்டக் கோகத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் மரத்தடியில் பழம் பொறுக்கும் பெண்ணின் கூலியைக் குறியீடு மட்டுமே உயர்த்திவிடாது.

கொங்கணத்தை 'மணியார்டர் பொருளாதாரம்' என்றே ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள். ஆண்கள் மும்பை மில்களுக்கு வந்துவிட, பெண்களும் முதியவர்களும் நிலத்தோடு தங்கினார்கள். 1982 ஜனவரியில் தொடங்கிய மில் வேலைநிறுத்தம் பல குடும்பங்களுக்கு அந்த மணியார்டரையும் நிறுத்திவிட்டது. மாதம் பிறந்தால் திருநெல்வேலிக்குப் பணம் அனுப்பும் தமிழ்த் தொழிலாளிக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊரிலேயே பிழைப்பிருந்தால் யார்தான் ரயில் ஏறுவார்கள்?

கோகத்தில் வீண் என்று தள்ளுவதற்கு அநேகமாக ஒன்றுமில்லை. தோலை அதன் சாற்றிலேயே திரும்பத் திரும்ப ஊறவைத்து உலர்த்தினால் ஆம்சூல். சர்க்கரையோடு சேர்த்தால் சர்பத். கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் கொழுப்புதான் கோகம் வெண்ணெய். முகப்பூச்சு, உதட்டுச் சாயம் செய்யும் ஆலைகள் அதை விரும்பி வாங்குகின்றன. தொல்லையெல்லாம் பருவத்தில்தான். பழம் கனிவது ஏப்ரல், மே மாதங்களில், ஜூனில் மழை. மழை முந்திக்கொண்டால் முற்றத்தில் காயும் தோல் பூஞ்சை பிடிக்கிறது, பழம் மரத்தடியிலேயே அழுகுகிறது. அதற்கு அஞ்சி, வந்த வியாபாரி சொன்ன விலைக்குப் பழத்தைக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. கொட்டையும் அதோடு போய்விடுகிறது. லாபம் கொட்டையில் இருக்கிறது என்பது வியாபாரிக்குத் தெரியும்.

மரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. விதை போட்டு வளர்த்தால் ஏறத்தாழப் பாதி ஆண் மரங்களாகிவிடும். பூக்கும்வரை, அதாவது ஏழெட்டு ஆண்டுகள், அது தெரியாது. இதற்கென்றே தாபோலி வேளாண் பல்கலைக்கழகம் ஒட்டுக்கன்று முறையையும் 'கொங்கண் அம்ருதா' போன்ற ரகங்களையும் தந்திருக்கிறது. ஆனால் கன்று நடப் பங்காளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டுமே! பத்திரத்தில் பெயருள்ளவர்களில் பாதிப் பேர் மும்பையில் இருக்கிறார்கள்.

அரசு செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. கோகம் மிகுந்த கிராமங்களில் மழைக்கு அஞ்சாத உலர்த்தும் கூடம், கொட்டை உடைக்கும் இயந்திரம், பழத்தை வாங்கிவைக்க மகளிர் குழுக்களுக்குக் கடன், இவ்வளவே. கையில் முதலிருந்தால் அவர்களே கொட்டையை எடுத்துவைத்து, விலை பார்த்து விற்பார்கள். அந்தக் கடன் ஏப்ரலுக்குள் கைக்கு வரவேண்டும். ஜூலையில் அனுமதிக்கும் கடன், அழுகிய பழத்தை அள்ளிக் கொட்டும் கூலிக்குத்தான் உதவும்.