கலந்தால் கெட்டுப் போகுமா?

(ஒன்பதாம் வகுப்பு மாணவி)



ஆண்டு விழாவுக்கு நாங்க ஆறு பேர் சேர்ந்து கும்மி ஆடினோம், ஞாபகம் இருக்கா? எங்க பாட்டி கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும்போது பாடுற பாட்டு அது. முதல்ல அதுக்குக் கீபோர்டு சேர்க்கலாம்னு நினைச்சோம். என் தோழியின் அண்ணன் கீபோர்டு கொண்டு வந்தார். ஒத்திகை பார்க்க வந்த ஒரு பெரியவர், "கும்மின்னா கும்மியா இருக்கணும். கண்டதையும் கலந்து கெடுக்காதீங்க"ன்னு சொல்லிட்டார். எங்களுக்குப் பதில் தெரியலை. கீபோர்டு இல்லாமலே ஆடிட்டு வந்துட்டோம். ஆனா அந்தக் கேள்வி மட்டும் என்னை விடலை. கலந்தால் கெட்டுத்தான் போகுமா?

கொஞ்ச நாள் கழிச்சு எங்க மாமா அவர் போனில் ஒரு கச்சேரி போட்டார். நான் பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டேன். வீணைன்னு நினைச்சேன். வந்து பார்த்தால் கிடார்! வாசித்தவர் பெயர் பிரசன்னா. 'கிடார் பிரசன்னா' என்றுதான் அவரைச் சொல்கிறார்கள். நம்ம தமிழ்நாட்டு ராணிப்பேட்டையில் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். அவ்வளவு பெரிய படிப்பு படித்தும் இசைதான் வேண்டும் என்று அமெரிக்காவில் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போய் ஜாஸ் இசையும் படித்தார்.

கிடாரில் கர்நாடக இசை வாசிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கிடாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகச் சின்னச் சின்ன உலோகக் கட்டைகள் இருக்கும். ஓர் இடத்தில் அழுத்தினால் ஒரு சுரம், அவ்வளவுதான். ஆனால் நம்ம ராகத்தில் சுரம் ஒரே இடத்தில் நிற்காது; அசையும், வளையும். அதற்குக் கமகம் என்று பெயர். பிரசன்னா கம்பியை விட்டு விரலை எடுக்காமல் வழுக்கியும் இழுத்தும் அந்த அசைவைக் கொண்டு வருகிறார். அவர் தியாகராஜர் கீர்த்தனையும் வாசிப்பார். ராக் கிடார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு மரியாதையாக 2006இல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஓர் இசைத்தொகுப்பும் போட்டார். 2009இல் ஆஸ்கர் விருது வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' என்ற குறும் ஆவணப்படத்துக்கும் இவர்தான் இசை. உதட்டுப் பிளவோடு பிறந்த ஒரு கிராமத்துச் சிறுமியின் கதை அது.

இதே மாதிரி ஸ்பெயின் நாட்டிலும் ஒருவர் இருந்தார். பாக்கோ தெ லூசியா (1947-2014). அந்த நாட்டின் தெற்குப் பகுதியில் ஃபிளமெங்கோ என்று ஓர் இசை உண்டு. பாட்டு, ஆட்டம், கிடார், கைத்தட்டு எல்லாம் சேர்ந்தது. கைத்தட்டு என்றதும் எனக்கு நம்ம கும்மிதான் ஞாபகம் வந்தது. பாக்கோ அதில் ஜாஸையும் மற்ற நாட்டு இசையையும் சேர்த்தார். "இது ஃபிளமெங்கோவே இல்லை"ன்னு அங்கேயும் சிலர் கோபப்பட்டாங்களாம். அவர் பெரு நாட்டில் ஒரு மரப்பெட்டித் தாளக்கருவியைப் பார்த்து, அதையும் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். 'கஹோன்' என்று பெயர். அதன் மேல் உட்கார்ந்துதான் தட்டுவார்கள். இப்போது அந்தப் பெட்டியை ஃபிளமெங்கோவிலிருந்து பிரிக்கவே முடியாது!

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம கர்நாடகக் கச்சேரியில் வயலின் இல்லாமல் பாடுவது அபூர்வம். அந்த வயலின் வெள்ளைக்காரர்களோடு வந்த வாத்தியம். சுமார் 200 வருஷத்துக்கு முன்னால் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம்ம இசைக்குக் கொண்டு வந்தார். அன்னிக்கு "கலக்காதே"ன்னு எல்லோரும் தடுத்திருந்தால், இன்னிக்கு நமக்கு வயலின் ஏது?

இதை எல்லாம் படிச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பெரியவருக்குப் பதில் கிடைச்சிருச்சுன்னு பாட்டிகிட்டே ஓடிப்போய்ச் சொன்னேன். ஒத்திகையில் பதிவு பண்ணினதையும் போட்டுக் காட்டினேன். பாட்டி முழுசும் கேட்டுட்டு, "ஏண்டி, குனிஞ்சு நிமிர்ற இடத்துல பாட்டு கொஞ்சம் நின்னு வரணும். உன் மிஷின் நிக்க மாட்டேங்குதே"ன்னு சொன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. அது உண்மை. நாங்க கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கி, அதுவா வர்ற தாளத்துக்குப் பாட்டை இழுத்து வச்சிருந்தோம். அதோட அந்தப் பாட்டு எனக்கு நாலு அடிதான் தெரியும். பாட்டிக்கு அது முழுசாத் தெரியும். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் உட்கார்ந்து கத்துக்கிட்டதே இல்லை. பிரசன்னா இரண்டு இசையையும் முழுசாகக் கற்றுக்கொண்டுதான் கலந்தார். பாக்கோவும் சின்ன வயதிலிருந்தே ஃபிளமெங்கோவில் ஊறியவர். நாங்க இரண்டையும் அரைகுறையாக வச்சுக்கிட்டுக் கலந்தோம்.

அதனால் என் கருத்து இதுதான். கலப்பதால் எந்தக் கலையும் கெடாது. அரைகுறையாகத் தெரிஞ்சுக்கிட்டுக் கலந்தால்தான் கெடும். கலக்கவே கூடாதுன்னு பெட்டியில் பூட்டி வச்சால் அதுவும் கெடும். பாட்டியோட பாட்டு பாட்டியோட போயிரும். அந்தப் பெரியவர் சொன்னதில் பாதி சரி, பாதி சரியில்லை. எங்க மேலயும் பாதித் தப்பு இருக்கு.

தலைமை ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், மாதம் ஒருமுறையாவது, நம்ம தெருப் பாட்டிகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் பாடச் சொல்லலாம். நாங்க நோட்டில் எழுதிக்கிறோம். எங்க பாட்டி வர்றேன்னு சொல்லிட்டாங்க. "எனக்கு நாற்காலி வேணாம், தரையில உட்கார்ந்தாத்தான் பாட்டு வரும்"னு மட்டும் சொன்னாங்க.

கீபோர்டு அண்ணனையும் கூப்பிடுவோம். இந்த முறை தாளப் பொத்தானை அமுக்காமல், பாட்டி நிக்கிற இடத்தில் அவரும் நின்னு வாசிக்கணும். அடுத்த ஆண்டு விழாவுக்கு அந்தப் பெரியவரை முதல் வரிசையில் உட்கார வைப்போம். கேட்டுட்டு அவர் சொல்லட்டும், கெட்டதா இல்லையான்னு.

முதலில் கற்போம்! பிறகு கலப்போம்!