விறகு யாருக்கு இலவசம்? தில்லையடி அடுப்புகளிலிருந்து ஒரு கேள்வி

இலங்கையில் வறுமை பற்றிப் பேசும்போது அரிசி விலை பேசப்படுகிறது, பாண் விலை பேசப்படுகிறது. அந்த அரிசியைச் சோறாக்கும் நெருப்புக்கு என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. விறகு எரிக்கும் வீட்டுக்கு எரிபொருள் செலவே இல்லை என்ற எண்ணம் அதிகாரிகளிடம் மட்டுமல்ல, எங்களில் பலரிடமும் ஊறிப்போயிருக்கிறது.

புத்தளம் நகரை ஒட்டிய தில்லையடியில் வாழும் எனக்கு அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது அன்றாட அனுபவம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இங்கேதான் குடியேறின. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்து வளர்ந்திருக்கிறார்கள். மரம் நிற்கும் காணி உள்ளவருக்கு விறகு இலவசம். மற்றவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள், அல்லது அனுமதியில்லாத இடத்தில் பொறுக்குகிறார்கள். விறகுப் பிரச்சினை என்பது அடிப்படையில் காணிப் பிரச்சினை. வெளியேற்றத்தின் 35 ஆண்டுகளைப் பற்றிப் பேசும் இவ்வேளையில் அதை அடுப்படியிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வளவோடு போன எரிபொருள்

வடக்கில் வளவு வைத்திருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பனையும் தென்னையும் நிற்கும் வளவைக் கூட்டினாலே அடுப்பு எரியும். மட்டை, பாளை, பன்னாடை, கொக்காரை, பொச்சு, சிரட்டை, கிழங்கு எடுத்த பின் மிஞ்சும் ஊமல் என்று எதுவும் வீண்போகாது. வீடுகள் நெருங்கி நின்ற யாழ்ப்பாணம் சோனகதெருவில் விறகுகாலைக்குத்தான் போக வேண்டும். ஆனால் மன்னாரின் முசலிக் கிராமங்களில் காடும் வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

யாழ்ப்பாணத்தில் வெளியேறக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். விட்டுவந்த வீடு, கடை, நகை, படகு எல்லாம் பின்னர் படிவங்களில் எழுதப்பட்டன. வளவில் நின்ற மரங்கள் ஒரு குடும்பத்தின் எரிபொருளாகவும் இருந்தன என்பதை எந்தப் படிவத்திலும் நான் கண்டதில்லை.

வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பான்மையினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தங்கள் வீடுகளையும் திறந்துவிட்டார்கள். அந்தக் கடன் தீராதது. ஆனால் நாட்கள் ஆண்டுகளானபோது தண்ணீருக்கும் கூலி வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி வந்தது. விறகும் அந்தப் பட்டியலில் இருந்தது. தென்னந்தோப்பில் விழும் மட்டை தோப்புக்காரருக்கு உரியது, அல்லது அங்கே காலம் காலமாக வேலை செய்யும் ஏழைக்கு உரியது. கிடுகுக் கொட்டிலில் இருந்து போய் அதைப் பொறுக்கும் பெண் அந்த ஏழையின் பங்கைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு ஏழைகளை ஒரு மட்டைக்காக மோதவிட்ட நிலைமைக்கு இருவருமே பொறுப்பில்லை.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்த கதையும் அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் அரிதாகிப்போன யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் விறகு கட்டி மைல் கணக்கில் மிதித்தவர்கள் இதை வாசிக்கிறீர்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் வேலிக்குள் அடைபட்டு, கொடுத்த விறகில் சமைத்தவர்களும் வாசிக்கிறீர்கள். இடப்பெயர்வு என்பது முதலில் கூரையை இழப்பது. அடுத்த வேளைச் சமையலிலேயே அடுப்பு எரிக்கும் உரிமையையும் இழந்துவிட்டோம் என்பது தெரியவரும்.

எரிவாயு வந்தது, போனது

முகாம்கள் மெல்ல கல்வீடுகளாயின. உலக வங்கியின் நிதியில் நடந்த புத்தளம் வீட்டுத்திட்டம் அதில் பெரும் பங்கு வகித்தது. சம்பளம் வரும் வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்தது. புகையில்லாத குசினி என்பது எங்கள் பெண்கள் கண்ட பெரிய முன்னேற்றங்களில் ஒன்று.

அந்த முன்னேற்றம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பது 2021இல் தெரிந்தது. 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டரின் விலை அந்த ஒக்டோபரில் ஒரே தடவையில் 1,493 ரூபாவிலிருந்து 2,750 ரூபாவானது. ஆண்டு முடிவதற்குள் நாடெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்தன, உயிர்களும் போயின. டொலர் இல்லாமல் கப்பலில் வந்த எரிவாயுவை இறக்க முடியாத நிலை அதன் பின் வந்தது. 2022 ஏப்ரலில் சிலிண்டர் 4,860 ரூபாவைத் தொட்டது. அந்த விலைக்கும் வாங்குவதற்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

மின்சாரமும் கைகொடுக்கவில்லை. நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம், 900 மெகாவாற் கொள்ளளவு கொண்ட நுரைச்சோலை, எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதன் தூசும் சாம்பலும் இந்த மாவட்டத்துக்கு, மின்சாரம் முழு நாட்டுக்கும். ஆனால் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்த பின், நுரைச்சோலைக்குப் பக்கத்தில் இருப்பவரும் ரைஸ் குக்கரைப் போட யோசித்தார்.

மிஞ்சியது விறகு. கொழும்பில் மாடிவீட்டுக்காரர் விறகு தேடியது செய்தியானது. விறகை ஒருபோதும் விடாத வீடுகளுக்கு நேர்ந்தது செய்தியாகவில்லை. எல்லோரும் விறகுக்குத் திரும்பியதும் விறகின் விலை ஏறியது. முன்பு கேட்டால் சும்மா கொடுத்த சிரட்டைக்கும் பொச்சுக்கும் விலை வந்தது. புத்தளத்தில் சிரட்டை கரியாகி ஏற்றுமதியாகும் பண்டம், பொச்சு தும்பு ஆலைக்குப் போகும் மூலப்பொருள். ஆக, ஏழையின் அடுப்பு ஒரே நேரத்தில் நகரத்து வாடிக்கையாளரோடும் ஆலையோடும் போட்டி போட்டது.

நெருக்கடி முடிந்துவிட்டது என்று சொல்லப்படுகிறது. 2024 ஜூலையில் சிலிண்டர் 3,690 ரூபாவுக்கு இறங்கியது. 2025 முதல் அஸ்வெசும திட்டத்தில் ‘வறியோர்’ பிரிவுக் குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா. ஒரு சிலிண்டர் அதில் மூன்றில் ஒன்றுக்கு மேல் விழுங்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த தாய் விறகைத்தான் தேர்வாள். வேறு வழியில்லாததைத் தேர்வு என்று சொல்லலாமா என்பது வேறு கேள்வி.

புகையின் கணக்கு

விறகு மலிவாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அதன் விலையில் ஒரு பகுதியைப் பெண்களின் உடல் செலுத்துவது. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நாள்பட்ட சுவாச நோய், மாரடைப்பு, பக்கவாதம், சிறுபிள்ளைகளின் நிமோனியா எல்லாம் அதில் அடங்கும். பொறுக்கிய ஈரவிறகு வாங்கிய காய்ந்த விறகைவிட அதிகம் புகையும். காசு குறைந்த வீட்டில்தான் புகை கூட. சிறிய காணியில் கட்டிய வீட்டில் குசினிக்குப் புகைக்கூடு வைக்கவும் விறகு காயவைக்கவும் இடமிருப்பதில்லை. இங்கேயும் வந்து நிற்பது காணிதான்.

காடு யாருடையது?

சொந்த ஊருக்குத் திரும்பினால் இந்தப் பிரச்சினை தீருமே என்று கேட்கலாம். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் 2009க்குப் பின் திரும்பிப் பார்த்தபோது வளவுகள் காடாகியிருந்தன. இருபது ஆண்டுகள் ஆளில்லாத மண்ணில் காடுதான் வளரும். 2012இல் வனத் திணைக்களம் அப்பகுதிகளை ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவித்தது. 2017 மார்ச்சில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மாவில்லு பேணற்காட்டுக்கான வர்த்தமானியில் கையொப்பமிட்டார். வில்பத்து அழிக்கப்படுகிறது என்ற குரல் தெற்கில் ஓங்கியது. கல்லாறு காட்டுப் பகுதி தொடர்பான வழக்கில் 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அழிக்கப்பட்ட காட்டை மீள நடும் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் ஏற்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

சூழலியலாளர்களின் கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. காடு போனால் முதலில் காய்வது எங்கள் குளங்கள்தான். ஆனால் முதியவர் ஒருவர் தன் தகப்பன் நட்ட மரத்தடியில் விழுந்த கொப்பை எடுப்பது எப்போது குற்றமானது என்று கேட்டால், அதற்கு ஒரு பதில் வேண்டும். காட்டின் எல்லையை வரையும்போது அங்கே குடியிருந்தவர்களைக் கேட்கவில்லை என்பதே முறைப்பாடு. கடற்படை பிடித்துவைத்த முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்கரும், இராணுவம் நின்ற கேப்பாப்புலவு மக்களும் சொல்வதும் இதையே. வேலி போடுபவர் மாறுகிறார். வெளியே நின்று தன் மரத்தைப் பார்ப்பவரின் நிலை மாறவில்லை.

இதைவிட நல்ல முன்மாதிரி எங்கள் கரையிலேயே உண்டு. 2015இல் நாட்டின் கண்டல் காடுகள் முழுவதையும் பாதுகாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. களப்போரம் வாழும் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுத்து, கண்டல் மரத்தை விறகுக்கு வெட்டாமல் காக்கச் செய்வது அதன் அடிப்படை. விறகு வெட்டுபவளுக்கு மாற்று வழி கொடுக்காமல் மரத்தைக் காக்க முடியாது என்பதை அது ஏற்றுக்கொண்டது. முசலிக்கு அந்த நியாயம் எட்டவில்லை.

செய்யக்கூடியவை

கேட்பவை பெரியவை அல்ல. அஸ்வெசும கணக்கில் சமையல் எரிபொருளைத் தனிச் செலவாகச் சேர்க்க வேண்டும். 1980களில் இங்கேயே உருவாக்கப்பட்ட ‘அனகி’ களிமண் அடுப்பு ஒரே தீயில் இரண்டு பானைக்கு வேலை செய்கிறது, மூன்றுகல் அடுப்பைவிட விறகைக் குறைக்கிறது. எரிவாயு வாங்க முடியாத வீடுகளுக்குப் பிரதேச செயலகங்கள் அதையாவது கொண்டுசேர்க்கலாம். 2005இல் நாலாவது பெருந்தோட்டப் பயிர் என அறிவிக்கப்பட்ட கிளிரிசிடியா, நாங்கள் சொல்லும் சீமைக்கிளுவை, வேலியில் நட்டால் வெட்ட வெட்டத் தளிர்க்கும். அரச தரிசு நிலத்தில் ஊருக்கு ஒரு விறகுத்தோப்பு அமைக்கலாம். புத்தளத்து மக்களும் நாங்களும் சேர்ந்து பராமரித்தால் பழைய மனக்கசப்புக்கும் அது மருந்தாகும்.

இவையெல்லாம் இடைக்கால ஏற்பாடுகள். 1990க்கு முந்திய உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் மக்கள் முன்னிலையில் வைத்து, வர்த்தமானி எல்லைகளை மீளாய்வு செய்வதே அடிப்படை வேலை. எது காடு, எது வளவு என்பதை வானத்திலிருந்து எடுத்த படம் மட்டும் தீர்மானிக்க முடியாது. அந்த மண்ணில் கிணறு வெட்டியவரின் சொல்லும் பதிவாக வேண்டும். திரும்ப விரும்புபவருக்கு அவர் வளவு கிடைக்க வேண்டும். இங்கேயே இருக்க விரும்புபவர் இந்த மண்ணின் குடியாகக் கணக்கில் வர வேண்டும். அதுவரை, விறகு இலவசம் என்று சொல்பவர்கள் யாருடைய மரத்திலிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.