ப்ரோக்கோலி: நன்மையும் தீமையும், ஓர் ஆற்காட்டுக் கணக்கு

ஆற்காடு என்றதும் மக்கன் பேடா நினைவுக்கு வரும். ஆம்பூர் என்றதும் பிரியாணியும், அதோடு தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயும் நினைவுக்கு வரும். இந்த வட்டாரச் சமையலில் ப்ரோக்கோலிக்கு நேற்றுவரை இடமே இல்லை. இன்று வேலூர்ப் பக்கத்துப் பெரிய கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றிய பச்சைப் பூவாக அது உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களும் எடையைக் குறைக்க நினைப்பவர்களும் வாங்கிப் போகிறார்கள். "தினமும் சாப்பிட்டால் புற்றுநோய் வராது, உடம்பில் உள்ள நச்செல்லாம் வெளியேறிவிடும்" என்ற பேச்சும் அதோடு சேர்ந்தே வருகிறது. இதில் எது உண்மை, எது மிகை?

ப்ரோக்கோலி ஒன்றும் புது இனம் அல்ல. முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல் எல்லாம் அதன் உடன்பிறப்புகள்தான். குளிர்ந்த காலநிலை வேண்டும் என்பதால் தமிழ்நாட்டில் நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் விளைகிறது. பாலாற்றங்கரை வெயிலுக்கு அது ஒத்துவராது. வெளியூரிலிருந்து வருவதால் விலையும் அதிகம்.

நன்மைகள்

100 கிராம் பச்சை ப்ரோக்கோலியில் 34 கலோரிதான் இருக்கிறது. நார்ச்சத்து சுமார் 2.6 கிராம். வைட்டமின் சி சுமார் 89 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை 65 மில்லிகிராம், ஆணுக்கு 80. ஆக, ஒரு கிண்ணம் போதும். ஃபோலேட், வைட்டமின் கே ஆகியவையும் நல்ல அளவில் உண்டு. சுண்ணாம்புச்சத்து 47 மில்லிகிராம்தான் என்றாலும், பசலைக்கீரையில் இருப்பதுபோல் ஆக்சலேட் அதைக் கட்டிப்போடுவதில்லை. உடம்பு அதை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது.

புற்றுநோய்ப் பேச்சுக்கும் ஓர் அடிப்படை இருக்கிறது. 1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலாலே குழுவினர் ப்ரோக்கோலியிலிருந்து சல்ஃபோராஃபேன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். உடலின் தற்காப்பு நொதிகளை அது தூண்டுகிறது என்று கண்டார்கள். ஆனால் சோதனைக்கூடத்தில் உயிரணுக்களிலும் எலிகளிலும் தெரிந்த பலன், மனிதர்களுக்குப் புற்றுநோய் வராமல் தடுக்கும் என்று இதுவரை உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. "உதவக்கூடும்" என்பது வேறு, "வராது" என்பது வேறு.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சல்ஃபோராஃபேன் காயில் அப்படியே இருப்பதில்லை. காயை நறுக்கும்போதும் மெல்லும்போதும் ஒரு நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. நம்மூர் வழக்கப்படி குழைய வேகவைத்து நீரை வடித்தால் அந்த நொதியும் போகும், வைட்டமின் சியில் ஒரு பங்கும் நீரோடு போகும். நான்கைந்து நிமிடம் ஆவியில் வைத்து எடுப்பதே நல்லது. அதே நொதி கடுகிலும் முள்ளங்கியிலும் இருக்கிறது. தாளிப்பில் வெடித்த கடுகுக்கு அந்தச் சக்தி இல்லை. பச்சைக் கடுகைப் பொடித்து, இறக்கிய பிறகு சிறிது தூவினால் பலன் உண்டு.

தீமைகள்

வயிற்று உப்புசம் முதலாவது. முட்டைக்கோஸ் சாப்பிட்டால் வாயுத் தொல்லை வருகிறவர்களுக்கு ப்ரோக்கோலியும் அதையே செய்யும். பழக்கம் இல்லாதவர்கள் கொஞ்சமாகத் தொடங்க வேண்டும்.

தைராய்டு இரண்டாவது. இந்தக் குடும்பத்துக் காய்களில் அயோடின் பயன்பாட்டைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. ஆனால் அயோடின் உப்பு சேர்த்துச் சமைத்து, சாதாரண அளவில் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பச்சையாக அரைத்துத் தினமும் டம்ளர் கணக்கில் குடிப்பவர்களுக்குத்தான் எச்சரிக்கை தேவை.

மூன்றாவதுதான் முக்கியமானது. செயற்கை இதய வால்வு பொருத்திக்கொண்டு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் இந்த வட்டாரத்தில் பலர் உண்டு. வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதுவரை காயே தொடாதவர் திடீரென்று தினமும் ஒரு கிண்ணம் ப்ரோக்கோலி சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனையின் கணக்கு மாறிவிடும். கீரைக்கும் இதே விதிதான். அடியோடு விட வேண்டியதில்லை, ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பூச்சி மருந்தையும் மறக்கக்கூடாது. கோஸ் வகைப் பயிர்களைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சிக்காக அடிக்கடி மருந்து தெளிக்கப்படுகிறது. காலிபிளவரைப் போலவே பூக்களாகப் பிரித்து, உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழுவுவது அவசியம்.

நச்சு நீக்கும் காயா?

தோல் தொழில் ஊர்களில் "நச்சு நீக்கும்" என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. தோல் பதனிடக் குரோமியம் தேவை. அதற்கான ரசாயனம் தயாரித்த ராணிப்பேட்டை ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. குரோமியம் கலந்த ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவை அது விட்டுச்சென்றது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதைக் குறிப்பிட்டது.

வேடிக்கை என்னவென்றால், குரோமியம் உள்ள உணவுகளின் பட்டியலில் ப்ரோக்கோலிக்கு வெகுகாலமாக இடம் உண்டு! உணவில் இருப்பது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம், அதுவும் மைக்ரோகிராம் கணக்கில். கழிவு மேட்டில் பயப்பட வேண்டியது ஆறு இணைதிறன் கொண்டது. அது புற்றுநோயை உண்டாக்கும். பெயர் ஒன்று, குணம் வேறு.

சீனாவில் ஓர் ஆய்வு நடந்து 2014இல் வெளியானது. ப்ரோக்கோலி முளைப் பானம் குடித்தவர்களின் சிறுநீரில், காற்றிலிருந்து உடம்புக்குள் போன பென்சீன் அதிகமாக வெளியேறியது. நல்ல செய்திதான். ஆனால் அது பென்சீனைப் பற்றிய ஆய்வு, குரோமியத்தைப் பற்றியது அல்ல. அதை வைத்துக்கொண்டு இந்த ஊர் மக்களிடம் ப்ரோக்கோலி சாப்பிடுங்கள் என்று சொல்வது, ஓட்டைக் கூரையின் கீழே குடையை விற்பது போன்றது. நிலத்தடி நீரைச் சுத்தம் செய்வது அரசும் ஆலைகளும் செய்ய வேண்டிய வேலை. அதைச் சாப்பாட்டுத் தட்டின் தலையில் கட்டக்கூடாது.

எதற்குப் பதிலாக?

2019-21இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு ரத்தசோகை. ஆம்பூர், ராணிப்பேட்டை காலணி ஆலைகளுக்கு விடியற்காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பும் பெண்களும் இந்த வயதினர்தான். ப்ரோக்கோலியில் இரும்புச்சத்து 100 கிராமுக்கு 0.7 மில்லிகிராம் மட்டுமே. முருங்கைக்கீரையில் சுமார் 4 மில்லிகிராம், தண்டுக்கீரையில் 2க்கும் மேல். வைட்டமின் சி வேண்டுமென்றால் கொய்யாப்பழம் ப்ரோக்கோலியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தருகிறது. கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச்சத்தும் நன்றாகச் சேரும்.

ஆகவே வசதி உள்ளவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ப்ரோக்கோலி சாப்பிடலாம், பிரியாணி நாளில் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தாலும் தவறில்லை. பெரும்பாலோருக்கு அதன் நன்மை தீமையைவிட அதிகம். ஆனால் அதற்காகக் கீரைக்காரம்மாவிடம் வாங்குவதை நிறுத்தினால் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டமே. ப்ரோக்கோலி நல்ல காய். அவ்வளவுதான். அதை மருந்தாக்கி விலை ஏற்றுகிறவர்களை நம்ப வேண்டாம், வாங்க முடியவில்லையே என்று யாரும் ஏங்கவும் வேண்டாம்.